கிருஷ்ணா கால்வாய்: எத்தனை டி.எம்.சி. என்பதோடு எந்த மாதம் என்றும் கேளுங்கள்

மார்ச் 2, மாலை (அம்பத்தூர் வாசகர் ஒருவரின் கேள்வி)

1983 ஒப்பந்தப்படி ஆந்திரா சென்னைக் குடிநீருக்காக ஆண்டுதோறும் 12 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) கிருஷ்ணா நீர் தர வேண்டும். 1996இல் முதல் நீர் வந்தது. அதன் பிறகு ஓர் ஆண்டாவது முழு அளவும் வந்து சேர்ந்ததா? வழியில் இன்ஜின் வைத்து உறிஞ்சுகிறார்கள், மீதியை வெயில் குடிக்கிறது. கால்வாயை மறந்துவிட்டு அந்தப் பணத்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களைக் கட்டினால் என்ன? எல்லைப் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

எல்லைப் பக்கம் இருப்பவன் நான். ஆந்திரப் பக்கத்துச் சத்தியவேடு வட்டாரம். கால்வாய்க் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிலம். மகள் சென்னை கொளத்தூரில் குடித்தனம். ஆகவே இந்த நீரின் இரண்டு முனையிலும் எனக்கு ஆள் உண்டு.

முழு 12 வந்து சேர்வதில்லை என்பது சரி. கால்வாயை மறந்துவிடலாம் என்பதை ஏற்க மாட்டேன். ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ 2,831 கோடி லிட்டர். சென்னைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு டி.எம்.சி. நகரத்தின் 28 நாள் குடிநீர். அதில் பாதி வந்தாலும் இரண்டு வாரம்.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு வரவேற்றார்கள், தொலைக்காட்சியில் நானும் பார்த்தேன். இந்தக் கால்வாயில் நொடிக்கு 500 கன அடி ஓடினால் அந்த ஒரு ரயில் நீர் மூன்று நிமிடத்துக்குள் வந்துவிடும்.

மார்ச் 3, காலை

"எங்கோ ஓடும் கிருஷ்ணா சென்னைக்கு எப்படி வருகிறது" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நீர் வரும் வழி தெரியாமல் பேசுவதால்தான் பாதிச் சண்டை.

ஸ்ரீசைலம் அணையின் பின்புறம் போத்திரெட்டிபாடு மதகு. அங்கிருந்து வலதுகரைக் கால்வாயில் பனகச்சர்லா. பிறகு வெலுகோடு. அதன் பிறகு பெண்ணாறு வழியாக நெல்லூர் மாவட்டத்துச் சோமசிலா அணை. சோமசிலாவிலிருந்து கண்டலேறு அணை. கண்டலேறுவிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாய், ஊத்துக்கோட்டை பக்கத்துத் தாமரைக்குப்பத்தில் மாநில எல்லையில் இருக்கும் ஜீரோ பாயிண்ட் வரை. அதற்குப் பிறகு தமிழ்நாட்டுக்குள் 25 கிலோமீட்டர் ஓடிப் பூண்டியில் விழுகிறது.

1976இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்தன. மொத்தம் 15. வழிச்சேதம் 3 போக எல்லையில் 12. 1983இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் முதல்வர்களாக இருந்தபோது கையெழுத்தானது இதைக் கொண்டுவரும் திட்டத்துக்கு. அதாவது சேதாரத்தைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக் கழித்துவிட்டார்கள். "ஆந்திரா தருமம் செய்கிறது" என்று இங்கேயும் சிலர் பேசுகிறார்கள். மூன்று மாநிலங்கள் மனமொப்பிக் கொடுத்த பங்கு அது. கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு ஆந்திராவுக்கு, செலவில் பங்கு தமிழ்நாட்டுக்கு.

சோமசிலாவில் பெண்ணாற்று வெள்ளமும் சேர்கிறது. நீங்கள் கிருஷ்ணா என்று குடிப்பதில் கடப்பாவில் பெய்த மழையும் கலந்திருக்கும்.

மார்ச் 3, மாலை

எல்லோரும் 12, 12 என்கிறார்கள். அந்த 12 எந்த மாதங்களில் என்பதை யாருமே எடுப்பதில்லை. ஜூலை முதல் அக்டோபர் வரை 8. ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. சராசரியாகப் பார்த்தால் முதல் தவணையில் நொடிக்கு ஏறத்தாழ 750 கன அடி, இரண்டாவதில் 386.

இதைச் சென்னை ஏரிகளோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். பூண்டி 3,231 மில்லியன் கன அடி. சோழவரம் 1,081. செங்குன்றம் 3,300. செம்பரம்பாக்கம் 3,645. 2020இல் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை 500. எல்லாம் சேர்ந்தாலும் 12 டி.எம்.சி. எட்டவில்லை, 11.757.

செப்டம்பர், அக்டோபரில் கிருஷ்ணா நீரை வாங்கிப் பூண்டியை நிரப்பினால், ஐப்பசி மழை வரும்போது பூண்டிக்கு வரும் கொசஸ்தலை ஆற்று வெள்ளத்தை எங்கே வைப்பது? ஷட்டரைத் தூக்க வேண்டியதுதான். அது எண்ணூர் வழியாகக் கடலுக்குப் போகும். போகிற வழியில் ஊர்களும் உண்டு. நிரப்பாமல் விட்டு, மழையும் பொய்த்தால் தை மாதத்திலேயே தட்டுப்பாடு தொடங்கிவிடும். பூண்டியில் பொறுப்பில் இருக்கும் பொறியாளர் ஆண்டுதோறும் இந்த முடிவை எடுக்கிறார். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் ஜனவரியில் ஏரிகள் ததும்பி நிற்கும். "போதும், நிறுத்துங்கள்" என்று தமிழ்நாடே சொல்லும். ஆந்திராக்காரர்கள் "நீங்கள்தானே நிறுத்தச் சொன்னீர்கள், பாக்கி எங்கே வந்தது" என்பார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை.

நகரம் தவிக்கிற மே, ஜூன் மாதங்கள் அந்தத் தவணையில் இல்லவே இல்லை. தேவைக்காகக் கேட்டு மே மாதத்தில் வாங்கிய ஆண்டுகள் உண்டு. அது கேட்டு வாங்குவது, ஒப்பந்தத்து உரிமை அல்ல.

மார்ச் 6

"நீங்கள் ஆந்திராவுக்கு வக்கீலா" என்று ஒருவர். இல்லை. ஸ்ரீசைலம் நிரம்பி வழிந்த ஆண்டிலும் ஜீரோ பாயிண்டில் மெல்லிய ஓட்டம் மட்டும் இருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கும் கோபம் வந்தது. ஆனால் கோபத்தைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். ஸ்ரீசைலத்தின் முழு மட்டம் 885 அடி. மட்டம் இறங்க இறங்கப் போத்திரெட்டிபாட்டுக்கு ஏறும் நீர் குறையும். 2014இல் தெலங்கானா பிரிந்த பிறகு அந்த மதகில் எவ்வளவு எடுக்கலாம் என்பதே இரு மாநிலச் சண்டை. கிருஷ்ணா நதி மேலாண்மை வாரியம் முன்பு அது நடக்கிறது. சென்னையின் பங்கு அந்தச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கடல்நீர் பற்றி: மீஞ்சூர் 2010இல், நெம்மேலி 2013இல், இரண்டும் நாளுக்குப் பத்துப் பத்துக் கோடி லிட்டர். 2024இல் நெம்மேலியில் இன்னொன்று, 15 கோடி. மூன்றும் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடினால் ஆண்டுக்கு நாலரை டி.எம்.சி. நான் அவற்றுக்கு எதிரி அல்ல. மே மாதத்தில் கைவிடாத நீர் அது ஒன்றுதான். ஆனால் மின்சாரத்தைக் கொட்டி எடுக்கும் நீர். கால்வாய் நீர் சரிவில் தானாக ஓடிவருகிறது. ஒன்று இருப்பதால் மற்றதை மூட வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரியவில்லை.

மார்ச் 9

இன்ஜின் விஷயம். இதைத் தள்ளிக்கொண்டே வந்தேன், ஏனென்றால் பேசினால் ஊரில் மனத்தாங்கல் வரும். பேசாமலும் இருக்க முடியவில்லை.

ஆமாம், எடுக்கிறார்கள். கரையோரத்தில் ஆயில் இன்ஜின், கறுப்புக் குழாய், இரவில் சத்தம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வரும் தவணையும் எங்கள் பக்கத்து நவரை நெல் பட்டமும் ஒரே காலம். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கிணறு கீழே போகிறது. கண்ணெதிரே முழங்கால், இடுப்பு என்று நீர் ஓடுகிறது. அது அடுத்த மாநிலத்து நகரத்துக்குப் போகிறது. அந்த நிலையில் ஒரு மனிதன் என்ன செய்வான் என்று அம்பத்தூரில் உட்கார்ந்து சொல்வது எளிது.

என் நிலத்துக்கு மேற்கே ஒருவர் ஒரு நவரையில் இன்ஜின் இறக்கினார். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன், என்னைவிட மூத்தவர். "அண்ணா, இது குடிநீர், என் மகள் அந்த ஊரில்தான் இருக்கிறாள்" என்றேன். அவர் குழாயைப் பார்த்தபடியே சொன்னார்: "உன் மகள் சாப்பிடும் அரிசியும் இங்கிருந்துதானே போகிறது?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அவருக்கு அரை ஏக்கர்தான். பயிர் போனால் அந்த ஆண்டே போயிற்று.

2019 கோடையில் மகள் வீட்டில் ஆழ்துளைக் கிணறு வற்றிவிட்டது. லாரிக்குப் பதிவு செய்தால் எப்போது வரும் என்று தெரியாது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் குடத்தோடு தெருமுனையில் நிற்பாள். "அப்பா, உங்கள் பக்கத்துக் கால்வாயில் நீர் வருகிறதா" என்று தொலைபேசியில் கேட்பாள். கண்டலேறுவே அப்போது அடிமட்டத்தில் கிடந்தது. இல்லையம்மா என்பேன். செப்டம்பர் கடைசியில்தான் திறந்தார்கள். நீர் எங்கள் ஊரைத் தாண்டிய அன்று கரைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு அவளுக்குச் சொன்னேன். அந்த ஒரு வாரம் எங்கள் பக்கம் யாரும் இன்ஜின் இறக்கவில்லை. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, போலீசும் வரவில்லை. நகரத்தின் நிலைமை செய்தித்தாளில் வந்துகொண்டிருந்தது, படித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மார்ச் 10

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் எடுக்கலாம் என்கிறீர்களா" என்று கேட்டவருக்கு: கூடாது. ஆனால் வெறும் காவல் போட்டு நிறுத்த முடியாது. கால்வாய் 152 கிலோமீட்டர், அதற்கு எத்தனை லஸ்கர் (கால்வாய்க் காவலர்) போடுவார்கள்? இந்தத் திட்டமே கர்னூல், கடப்பா, நெல்லூர், சித்தூர் பாசனத்துக்கும் சேர்த்து வகுத்ததுதான். திருப்பதி நகரத்துக் குடிநீரும் தெலுங்கு கங்கை என்ற இதே திட்டத்திலிருந்து போகிறது. கரையோரத்து ஏரிகளுக்கு இந்தத் தேதியில் இவ்வளவு என்று முறை வைத்து மதகு வழியாகவே விட்டுவிட்டால், மீதி நாளில் இன்ஜின் இறக்குபவரை ஊரே கேட்கும். முறை இல்லாத இடத்தில்தான் குழாய் இறங்குகிறது. எங்கள் ஏரியில் முறைநீர்ப் பாய்ச்சலுக்குத் தகராறு வந்தால் பெரியவர்கள் உட்கார்ந்து தீர்த்துவிடுவார்கள். கால்வாய்க்கு அப்படி உட்கார ஓர் இடம் இல்லை.

மார்ச் 15

சிமெண்டுக் கரை பற்றிக் கேட்டவருக்கு. முதலில் மண் கால்வாய். 1996இல் நீர் வந்தபோது திருவிழா போல இருந்தது, ஆனால் கரை கரைந்தது, மண் சரிந்து அடைத்தது, பாதி நீர் பூமிக்குள் போனது. 2002இல் புட்டபர்த்தி சாய்பாபா தம் அறக்கட்டளை மூலம் சீரமைப்பதாக அறிவித்தார்; 2004இல் நீர் நன்றாக வந்தது. சத்ய சாய் கங்கை என்று பெயர் வந்தது அதனால்தான். இப்போது மறுபடியும் பல இடங்களில் சிலாப் பெயர்ந்து கிடக்கிறது, விரிசலில் நாணல் முளைத்திருக்கிறது. வண்டலும் சேர்கிறது.

கசிவு முழுக்க நட்டம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கால்வாயில் நீர் ஓடும் மாதங்களில் எங்கள் கிணறு ஏறும். நின்ற பிறகு இறங்கும். கரையை இறுக்கமாகப் பூசினால் நகரத்துக்கு லாபம், கரையோரக் கிணறுகளுக்கு நட்டம். இதையும் கணக்கில் எடுக்காமல் "நவீனமயம்" என்று பேசக் கூடாது.

இன்னொன்று. சிமெண்டுச் சரிவில் மாடு விழுந்தால் ஏற முடியாது. எங்கள் வீட்டுச் சினைப்பசு ஒன்று தண்ணீர் குடிக்க இறங்கி வழுக்கி, நீரோடு போய், கீழே ஒரு பாலத்தின் அருகே மூச்சில்லாமல் ஒதுங்கியது. படிக்கட்டும் கால்நடைச் சரிவும் கேட்டு மனு கொடுத்தோம். பதில் வரவில்லை. பிள்ளைகளும் குளிக்கப் போகிறார்கள். டி.எம்.சி. கணக்கு எழுதுகிறவர்கள் இந்தப் படிக்கட்டையும் எழுதுங்கள்.

மார்ச் 16

"சத்தியவேடு ஆந்திராதானே, தமிழில் எழுதுகிறீர்களே" என்று ஒருவர் வியந்திருக்கிறார். 1960 ஏப்ரல் 1 வரை நாங்கள் செங்கல்பட்டு மாவட்டம். அன்று திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாங்கள் இந்தப் பக்கம் வந்தோம். சித்தூர் மாவட்டமாக இருந்து 2022இல் திருப்பதி மாவட்டம் ஆனோம். பெண் எடுப்பதும் கொடுப்பதும் இன்றும் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் பக்கம்தான். ஆறுகளும் எல்லைக் கோட்டைக் கேட்பதில்லை: பிச்சாட்டூர் அணை நிரம்பி, ஊத்துக்கோட்டையில் ஆரணி ஆற்றுத் தரைப்பாலம் மூழ்கி, பஸ் நின்ற ஆண்டுகள் உண்டு.

சென்னைக்கு ஆற்றைத் திருப்புவதும் புதிதல்ல. கொசஸ்தலையின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு எழுப்பி, சோழவரம், செங்குன்றம் ஏரிகளுக்கு நீரைத் திருப்பி 1872இலேயே நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். பூண்டி 1944. மேயராக இருந்து அதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி முந்தின ஆண்டே காலமாகிவிட்டார். அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

மார்ச் 28

பல நாளாக யோசித்ததை எழுதுகிறேன். மார்ச் 3 மாலைக் குறிப்பில் ஏரிகளின் கொள்ளளவை மட்டும் வைத்துப் பேசினேன். நீரை வைக்க இன்னும் இரண்டு இடங்கள் உண்டு.

ஒன்று பூமி. ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளில் மணலுக்கு அடியில் நல்ல நீர் இருப்பதை 1960களிலேயே ஆராய்ந்து கண்டார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், கன்னிகைப்பேர், பூண்டி என்று கிணற்றுத் தொகுதிகள் போட்டு நகரத்துக்கு எடுத்தார்கள். எடுத்தார்கள், எடுத்தார்கள், போடவில்லை. மீஞ்சூர் பக்கம் கடல் நீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே ஏறிவிட்டது. மணலையும் அள்ளிவிட்டார்கள். செப்டம்பர், அக்டோபரில் பூண்டியில் இடம் வைக்க வேண்டியிருப்பதால் வேண்டாம் என்று சொல்லும் கிருஷ்ணா நீரை, ஆரணி ஆற்றுத் தடுப்பணைகளில் விட்டு மணலுக்குள் இறக்கினால் என்ன? பூமிக்குள் இருப்பதை வெயில் தொடாது. நம் ஏரிகளோ பரந்து கிடக்கும் ஆழமில்லாத ஏரிகள். செங்குன்றம் 21 அடி, சோழவரம் 18 அடி. ஆண்டுக்கு நான்கைந்து அடி ஆவியாகவே போனால் மிச்சம் என்ன?

பெரியபாளையத்து உறவினர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "மாமா, உள்ளே விட்ட நீரை நகரத்துக்காரர்கள் மோட்டார் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், எங்களுக்குக் காலி ஆறுதான்" என்றார். அவர் பயம் நியாயமானது. கடந்த காலத்தில் நடந்தது அதுதான். எவ்வளவு இறக்கினார்கள், எவ்வளவு எடுக்கிறார்கள் என்ற அளவு ஊராட்சிப் பலகையில் எழுதப்படாமல் இதைச் செய்யக் கூடாது.

ஏப்ரல் 5

இரண்டாவது இடம் கண்டலேறு. அதன் கொள்ளளவு 68 டி.எம்.சி. சென்னை ஏரிகள் அத்தனையும் சேர்ந்ததைப்போல் கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அக்டோபரில் நமக்கு இடமில்லை என்று வாங்காமல் விட்ட 2 டி.எம்.சி.யை அங்கேயே நம் கணக்கில் நிறுத்தி, மே மாதம் எடுக்க முடிந்தால்? அறுவடை நெல்லைக் குதிரில் போட்டு வைத்து ஆடியில் எடுப்பதுதான். ஒப்பந்தம் இப்போது அப்படி இல்லை. அந்தந்த ஆண்டு வாங்காதது அந்தந்த ஆண்டோடு போகிறது.

இதற்கு ஆந்திரா ஏன் சம்மதிக்கும் என்று கேட்பீர்கள். கண்டலேறு எல்லா ஆண்டும் நிரம்புவதில்லை. வெற்றிடம் இருக்கும் ஆண்டில் அவர்களுக்குச் செலவில்லை. ஆவியாகும் பங்கைக் கழித்துக்கொள்ளட்டும், வைத்திருக்கக் கட்டணம் வாங்கட்டும். பெண்ணாற்றில் வெள்ளம் வந்து அணை நிரம்பி வழிந்தால் நம் பங்கு முதலில் வழிந்ததாக வைத்துக்கொள்ளட்டும். 2021 நவம்பரில் சோமசிலாவிலிருந்து எவ்வளவு கடலுக்குப் போனது என்று நெல்லூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். முழு 12 கேட்டுச் சண்டை போடுவதைவிட, மே மாதத்தில் உறுதியான 2 கேட்டு வாங்குவது நகரத்துக்கு அதிகம் உதவும் என்பது என் எண்ணம். மகளிடம் சொன்னேன். "அப்பா, மே மாதம் வந்தால் போதும், எந்த ஆற்று நீராக இருந்தாலும் சரி" என்றாள்.

ஏப்ரல் 19

கேள்வி கேட்ட அம்பத்தூர் நண்பர் நேரில் வந்திருந்தார். ஜீரோ பாயிண்டுக்கு அழைத்துப் போனேன். ஓட்டம் குறைவாகத்தான் இருந்தது. அளவுகோலைப் பார்த்தோம். கண்டலேறுவில் இன்று எவ்வளவு திறந்தார்கள் என்பது அங்கே எழுதப்படவில்லை. இரண்டு எண்ணையும் ஒரே பலகையில் எழுதினால் வழியில் எவ்வளவு போகிறது என்று யாரும் யாரையும் ஏச வேண்டியதில்லை என்றார். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனு எழுதுகிறோம், தமிழிலும் தெலுங்கிலும். ஜீரோ பாயிண்டில் இரு அளவும் காட்டும் பலகை, கரையோர ஏரிகளுக்கு முறை, படிக்கட்டும் கால்நடைச் சரிவும், மே மாதத் தவணை. தெலுங்கு நகலை என் மேற்குப் பக்கத்து அண்ணா பார்த்துத் திருத்தினார். ஏரி முறைக்கு என்று எழுதியிருந்த இடத்தில், "நவரைக்குக் கடைசி இரண்டு தண்ணீர்" என்று அவரே சேர்த்தார். கதிர் காய்கிற நேரத்தில் அந்த இரண்டு கிடைத்தால் இன்ஜினை விற்றுவிடுகிறேன் என்றார். அடுத்த வாரம் இரண்டு பக்க அலுவலகத்திலும் கொடுக்கிறோம். கையெழுத்துப் போட விரும்பும் கரையோர ஊர்க்காரர்கள் வியாழன் காலை சத்தியவேடு பஸ் நிலையத்துக்கு வாருங்கள்.